ஓர் எழுத்து தள்ளிப்போனால்

நான் கணினி உயிரியலாளன். நோயாளியின் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்த மரபணு வரிசை என்னிடம் வரும். எந்தப் புரதத்தில் எந்த அமினோ அமிலம் மாறியிருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தைச் சுற்றி ஒன்பது எழுத்துத் துண்டுகளாக வெட்டுவேன். நோயாளியின் எச்எல்ஏ மூலக்கூறில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் எந்தத் துண்டு பொருந்தி உட்காரும் என்று கணிப்பதுதான் வேலை. உட்கார்ந்தால்தான் நோய் எதிர்ப்புச் செல்லான டி-செல்லின் கண்ணில் படும்.

சேர்ந்த வருடமே சறுக்கினேன். இருபது துண்டுகளின் பட்டியல் கொடுத்தேன். அந்தத் துண்டுகளைப் பெப்டைடுகளாக ஆர்டர் போட்டு, வந்து சேர ஐந்து வாரம். ஒன்றுக்குக்கூட டி-செல் அசையவில்லை. ஆய்வக பெஞ்சில் வேலை பார்க்கும் அக்கா, இயல்பான வரிசையையும் நான் கொடுத்ததையும் காகிதத்தில் மேலும் கீழுமாக எழுதினார்.

"தம்பி, மாற வேண்டிய எழுத்து அப்படியே இருக்கே. பக்கத்து எழுத்துல்ல மாறியிருக்கு?"

பைத்தான் நிரல்மொழி பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும், புரதக்காரர்கள் ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். அவ்வளவுதான். நிரல் ஒரு பிழைச்செய்தியும் காட்டாமல் சமர்த்தாக ஓடி முடிந்திருந்தது. இப்போது, மாற்றுவதற்கு முன் அந்த இடத்தில் பழைய எழுத்து சரியாக இருக்கிறதா என்று நிரலே பார்க்கும், இல்லையென்றால் நின்றுவிடும். இந்த ஒற்றை வரி, மரபணுத் தொகுப்பின் பதிப்பு மாறிப்போனதையும் பலமுறை பிடித்துக் கொடுத்திருக்கிறது.

சத்தமில்லாமல் நுழையும் பிழை இன்னொன்று: எக்செலில் மரபணுப் பெயர்களைத் திறக்காதீர்கள். செப்ட்2 என்ற மரபணுவை அது செப்டம்பர் 2 ஆக்கிவிடும். கடைசியில் பெயரிடும் குழுதான் இறங்கிவந்து மரபணுக்களின் பெயரை மாற்றியது!

கணிப்பு மதிப்பெண்ணைப் பார்த்ததும், அதற்குப் பின்னால் எத்தனை அளவீடு இருக்கிறது என்று கேளுங்கள். ஐரோப்பியரிடம் பரவலான எச்எல்ஏ-ஏ 02:01 வகைக்குத் தரவு கொட்டிக் கிடக்கிறது. தென்னிந்தியரிடம் அதிகம் காணப்படும் ஏ 33:03க்கு அத்தனை இல்லை. இருந்தாலும் மென்பொருள் இரண்டுக்கும் ஒரே தோரணையில் தசமப்புள்ளியோடு எண் தரும்.

துண்டு பள்ளத்தில் நன்றாக உட்கார்ந்தாலும் கதை முடிவதில்லை. 2013இல் வெளிவந்த ஒரு சிகிச்சை அறிக்கையை, புதிதாக வருகிறவர்களை உட்கார்த்திப் படிக்கச் சொல்வேன். மேஜ்-ஏ3 என்ற புற்றுப் புரதத்தைப் பிடிக்க, ஏற்பியின் பிடியை ஆய்வகத்தில் இறுக்கிய டி-செல்களை இரண்டு பேருக்குச் செலுத்தினார்கள். இருவரும் இதயம் பாதிக்கப்பட்டு இறந்தார்கள். இலக்குத் துண்டு இ-வி-டி-பி-ஐ-ஜி-எச்-எல்-ஒய். இதயத் தசையில் இருக்கும் டைட்டின் புரதத்தில் இ-எஸ்-டி-பி-ஐ-வி-ஏ-கியூ-ஒய். ஒன்பதில் ஐந்து எழுத்துகள்தான் ஒன்றுபோல. அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது. சாதாரணமாக வளர்க்கும் செல்களில் இந்த ஆபத்து தெரியவில்லை, அவை டைட்டினை உண்டாக்குவதில்லை. தட்டில் துடிக்கிற இதயத் தசைச் செல்களோடு சோதித்தபோதுதான் பிடிபட்டது.

ஒற்றுமையை எண்ணிக்கையில் மட்டும் தேடினால் இந்த டைட்டின் துண்டு வடிகட்டலில் நழுவிப்போகும். எச்எல்ஏ பற்றும் எழுத்துகள் எவை, டி-செல் தொடும் எழுத்துகள் எவை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு முப்பரிமாண அமைப்பைத் திரையில் திருப்பித் திருப்பிப் பார்ப்பது ஒரு வழி. சலிக்கும், ஆனாலும் பாருங்கள்.

பட்டியலை இன்னும் அச்செடுத்துத்தான் அக்காவிடம் கொடுக்கிறேன். முதல் மூன்றைப் பேனாவால் எழுதிப் பார்த்துவிட்டு, தலை நிமிராமலே கேட்பார்: "இதயம், மூளை எல்லாம் தேடியாச்சா தம்பி?"