பணமா, மகிழ்ச்சியா: புனேயின் இளம் ஹாக்கி வீரருக்கு ஒரு கடிதம்

இந்திய ஹாக்கி வீரரின் பாதையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வேலைதான். ரயில்வே, எண்ணெய் நிறுவனங்கள், காவல்துறை, ராணுவம் ஆகியவை விளையாட்டு ஒதுக்கீட்டில் வீரர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. மாதச் சம்பளம் வருகிறது. பயிற்சிக்கு நேரம் கிடைக்கிறது. ஆட்டத்தை நிறுத்திய பிறகும் வேலை நீடிக்கிறது. எனவே இங்கே பணமும் மகிழ்ச்சியும் ஒன்றுக்கொன்று பகையல்ல. வீட்டுச் செலவுக்கு வழி இருந்தால்தான் ஆட்டத்தில் மனம் நிற்கும்.

புனேயை அடுத்த கட்கியில் 1968இல் பிறந்த தன்ராஜ் பிள்ளையின் வாழ்க்கை இதற்குச் சான்று. எளிய தமிழ்க் குடும்பம்; தந்தை அங்குள்ள படைக்கலத் தொழிற்சாலையின் மைதானப் பராமரிப்பாளர். உடைந்த மட்டைகளைக் கொண்டு ஆடப் பழகிய தன்ராஜ், மும்பைக்குச் சென்று மஹிந்திரா அணியில் இடம்பிடித்தார். பிறகு இந்தியன் ஏர்லைன்ஸில் சேர்ந்தார். ஜெர்மனி, பிரான்ஸ், மலேசியா, வங்கதேசக் கிளப்புகளுக்கும் ஆடினார். ஆனாலும் தேசிய அணியைக் கைவிடவில்லை. 1992 முதல் 2004 வரை 4 ஒலிம்பிக் போட்டிகளில் ஆடினார். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது.

லீக் போட்டிகளின் வரலாறு வேறு பாடம் சொல்கிறது. 2012இல் நடந்த வேர்ல்டு சீரிஸ் ஹாக்கியில் புனே ஸ்ட்ரைக்கர்ஸ் இறுதிப் போட்டி வரை முன்னேறியது. ஆனால் அந்த லீக்கைச் சர்வதேச ஹாக்கி கூட்டமைப்பு அங்கீகரிக்கவில்லை. அதில் ஆடியவர்கள் லண்டன் ஒலிம்பிக் ஆண்டிலேயே தேசிய அணி வாய்ப்பைப் பணயம் வைக்க நேர்ந்தது. லீக்கோ ஒரே பருவத்துடன் முடிந்தது. 2013இல் தொடங்கிய ஹாக்கி இந்தியா லீக்கும் 2017க்குப் பின் நின்று, 2024 டிசம்பரில்தான் மீண்டும் நடந்தது. அதற்கான ஏலத்தில் அப்போதைய இந்திய அணித் தலைவர் ஹர்மன்பிரீத் சிங்கை சூர்மா அணி 78 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அவ்வளவு தொகை உச்சியில் நிற்கும் ஒரு சிலருக்கே கிடைக்கும்.

ஆகவே இளம் வீரர் முதலில் தேட வேண்டியது நிலையான வேலை. இரண்டு வேலைகள் எதிரே வந்தால் சம்பளத்தோடு பயிற்சியாளரையும், களத்தில் கிடைக்கும் ஆட்ட நேரத்தையும், பணி விதிகள் தரும் விடுப்பையும் ஒப்பிட வேண்டும். லீக் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், அதற்கு அங்கீகாரம் உண்டா, பணம் எந்தத் தவணையில் வரும், காயம்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்று எழுத்தில் கேட்க வேண்டும். லீக் பணத்தைச் சேமிப்பாகக் கொள்ள வேண்டும். குடும்பச் செலவை அதை நம்பி வகுக்கக் கூடாது. படிப்பையும் விடக் கூடாது. அதிகம் தரும் அணியில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைவிட, குறைவாகத் தந்தாலும் தினமும் ஆட வைக்கும் அணியே இளம் வயதில் நல்ல தேர்வு.