விமானி ஆக விரும்பும் பிள்ளைக்கு: விமான நிறுவனமா, தனியார் ஜெட்டா?

தைப்பூசம் முடிந்த மறுவாரம், என் பழைய மாணவர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "சார், பையன் விமானி ஆகணும்கிறான். சாங்கியில பெரிய விமானம் வேண்டாமாம். சிலேத்தார்ல பணக்காரங்க ஜெட்தான் ஓட்டணுமாம். வெளிநாட்டுல படிக்க என் சேமிப்பு மொத்தமும் போயிடும். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

நான் கணக்கு ஆசிரியனாக இருந்தவன். விமானத்தில் பயணியாக உட்கார்ந்ததோடு சரி. ஆனால் என்னிடம் படித்தவர்களில் ஒருவர் விமான நிறுவனத்திலும் ஒருவர் தனியார் ஜெட்டிலும் பணிபுரிகின்றனர். இருவரையும் கேட்டறிந்ததை, மற்றப் பெற்றோர்களுக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

தொடக்கம் இரண்டுக்கும் ஒன்றே. வணிக விமானி உரிமத்துக்கு அனைத்துலக விதிப்படி 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பள்ளியில் முறையாகப் பயின்றால் 150 போதும். பிறகு, ஓட்டப்போகும் விமான வகைக்கெனத் தனிப் பயிற்சி. பெரிய விமானத்தில் கேப்டன் ஆவதற்கான உயர் உரிமத்துக்கு 1,500 மணி நேரம் வேண்டும்.

இங்கேதான் கணக்கு வருகிறது. விமான நிறுவனத்தில் ஆண்டுக்கு 700 மணி நேரம் பறந்தால் மீதி 1,300 மணி நேரம் இரண்டு ஆண்டுக்குள் முடிந்துவிடும். தனியார் ஜெட் முதலாளி நினைத்தபோதுதான் பறக்கும். ஆண்டுக்கு 300 மணி நேரம் என்றால் நான்கு ஆண்டுக்கு மேல் ஆகும். அதைவிட முக்கியம், புதிதாக உரிமம் பெற்றவரைத் தனியார் ஜெட்டில் எளிதில் சேர்ப்பதில்லை. காப்புறுதி நிறுவனம் அனுபவம் கேட்கும்.

வேலையின் தன்மையும் வேறு. விமான நிறுவனத்தில் வானிலை, எரிபொருள், பறக்கும் பாதை எல்லாவற்றையும் கவனிக்கத் தரையில் தனிப்பிரிவே உண்டு. பணி அட்டவணை முன்கூட்டியே கைக்கு வரும். தீபாவளிக்கு வீட்டில் இருப்போமா என்பதாவது தெரியும். ஜெட் விமானி பெட்டி தூக்குவார், உணவுக்குச் சொல்வார், இறங்கும் நாட்டின் அனுமதியையும் சில சமயம் அவரே பார்ப்பார். "சார், மாலத்தீவுல முதலாளி இன்னும் ரெண்டு நாள் இருக்கேன்னா நானும் இருக்க வேண்டியதுதான்" என்று சிரித்தார் என் மாணவர். ஆனால் ஒரே பாதையில் போய் வரும் சலிப்பு அவருக்கு இல்லை. நியூயார்க்குக்குச் சுமார் 18 மணி நேரம் பறக்கும் விமானத்தில் நான்கு விமானிகள் மாறி மாறி இருப்பார்கள். தரையிறக்கும் வாய்ப்பு ஒருவருக்குத்தான். இது மற்றவரின் குறை.

வேலைப் பாதுகாப்பு? விமான நிறுவனம்தான் என்று நானும் நினைத்திருந்தேன். 2020இல் நோய்த்தொற்றால் எல்லைகள் மூடியபோது எத்தனை விமானிகள் வீட்டில் இருந்தார்கள்! பணிமூப்பு வரிசையில் கடைசியில் இருந்தவர்களுக்குத்தான் அடி அதிகம். தனியார் ஜெட்டுகள் விரைவில் மீண்டும் பறந்தன. ஆனாலும் முதலாளி விமானத்தை விற்றுவிட்டால் வேலையும் அதோடு போகும். அங்கே வரிசையும் இல்லை, தொழிற்சங்கமும் அரிது. கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றும் அனைத்துலகச் சேவையில் 65 வயதுக்கு மேல் விமானியாகப் பணியாற்ற முடியாது என்பது 2006 முதல் விதி. 68 வயதில் கோயில் கணக்கு பார்க்கும் என்னைப் போன்றவர்களுக்கு அங்கே இடமில்லை!

பையனிடம் நான் சொன்னது இதுதான். "தம்பி, ஜெட் ஆசை தப்பில்லை. ஆனா அது ரெண்டாவது படி. முதல்ல விமான நிறுவனங்களோட பயிற்சி விமானி திட்டத்துக்கு மனுப் போடு. கிடைச்சா படிப்புச் செலவை அவங்க ஏத்துக்கலாம். ஒப்பந்தக் காலம் வரைக்கும் அங்கே வேலை செய்யணும். அப்பா பணத்தைத் தொடறது கடைசியில பார்க்கலாம்." தந்தையிடம் மட்டும் தனியே ஒன்று சொன்னேன். எந்தப் பள்ளிக்கும் ஒரு வெள்ளிகூடக் கட்டுமுன், முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் கிடைக்குமா என்று பார்த்துவிட வேண்டும். கண்ணோ இதயமோ சரியில்லை என்று பாதியில் தெரிந்தால் கட்டிய பணம் திரும்புவது கடினம்.

பையனுக்கு முகம் வாடித்தான் போயிற்று. போன வாரம் தந்தை தொலைபேசியில் அழைத்தார். மருத்துவச் சோதனைக்கு வரும் புதன்கிழமை நாள் கொடுத்திருக்கிறார்களாம்.