கொந்தளிக்குங் கடலிற் குளித்தல்

திருவள்ளுவனார் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை ஒன்றன்பின் ஒன்றாக அமைத்துள்ளார். அவை வேந்தர்க்கு உரைக்கப்பட்டனவாயினும், கடலில் மூழ்குவார்க்கும் முற்றும் பொருந்துவனவாம். இதனை யாம் ஏட்டிற் படித்தறிந்ததினும், சென்ற கோடை விடுமுறையிற் கடலிற் பட்டறிந்ததே மிகுதி.

காற்றடைத்த உருளையை முதுகிற் சுமந்து, ரெகுலேட்டர் என்னுங் கருவியை வாயிற் கவ்வி, நீருள் உயிர்க்கும் முறையை ஸ்கூபா என்பர். பிரெஞ்சு நாட்டினராகிய கூஸ்தோ, காஞ்ஞான் என்னும் இருவரும் 1943-ஆம் ஆண்டில் அமைத்த கருவியால் இம்முறை உலகிற் பரவியது. பண்டு முத்துக்குளித்தோர் மேலே இழுத்த மூச்சையே அடக்கிக்கொண்டு இறங்கினர். அம்மூச்சு ஆழத்திற் சுருங்கி, மீளுங்கால் பழைய அளவையே எய்தும். ஸ்கூபா முறையிலோ, ஆழத்தின் அழுத்தத்திற்கு ஒப்பச் செறிந்த காற்று உயிர்க்கப்படுகின்றது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பிலிருப்பதினும் இருமடங்காம். ஆண்டு நிறைய மூச்செடுத்து, அதனை அடக்கியவாறே மேலெழுந்தால், அக்காற்று இருமடங்காக விரிய முயன்று நுரையீரலைக் கிழித்துவிடும். அலை மோதுங்கால் அஞ்சி மூச்சடக்குதல் மாந்தரியல்பு. அவ்வியல்பே இங்குப் பகையாகின்றது. ஆதலின், மூச்சை ஒருபோதும் அடக்கலாகாது; நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மேற்படாமல் மெல்ல எழுதல் வேண்டும்.

இனிக் காலம். 1961-ஆம் ஆண்டு வரை தூத்துக்குடியில் நிகழ்ந்த முத்துக்குளிப்பு, பெரும்பாலும் பங்குனி, சித்திரைத் திங்கள்களிலேயே நிகழ்ந்தது. வாடைப் பருவம் கழிந்து தென்மேற்குக் காற்று எழுமுன் கடல் அடங்கியிருக்கும் இடைக்காலம் அது. முன்னோர் அலையோடு பொருதிலர். அலை அடங்குங் காலத்தை நோக்கியிருந்தனர். அலையின் உயரத்தை மட்டும் நோக்குதல் போதாது. ஆழ்கடலில் 4 விநாடிக்கு ஒன்றாக வரும் அலையின் நீளம் ஏறக்குறைய 25 மீட்டர். 8 விநாடிக்கு ஒன்றாயின் 100 மீட்டர். நீளத்திற் பாதியளவு ஆழம் வரை அலையின் அசைவு செல்லும். ஆகவே, முன்னதனை 12 மீட்டர் ஆழத்திற் சென்று தப்பலாம்; பின்னது 50 மீட்டர் வரை தொடரும். மெல்லெனத் தோன்றும் நெடிய அலையே அடியில் ஆளைப் பாறையின்மேல் எறிவது.

இடமறிதல் மூவகைத்து. முதலாவது இறங்குமிடம். அலைகள் கூட்டங்கூட்டமாக வருவன. ஆதலின் நெடும்பொழுது கரையில் நின்று நோக்கி, அவற்றுள் இடைவெளி கண்டே இறங்குதல் வேண்டும். இரண்டாவது நீரடி. ஆண்டு முன்னும் பின்னும் ஈர்க்கும் அசைவோடு பொருதல் வீண். முன்னீர்க்குங்கால் செல்க, பின்னீர்க்குங்கால் நிற்க, பாறையை அணுகற்க. நீரோட்டம் உளதாயின் முதலில் அதனை எதிர்த்துச் சென்று, காற்றில் மூன்றிலொரு பங்கு செலவானதும் திரும்புக. களைத்த பின்னர் ஓட்டமே நம்மைக் கொணரும். மூன்றாவது ஏறுமிடம். நீர்மேல் வந்த பின்னும் ரெகுலேட்டரை வாயினின்று எடுத்தலாகாது. அலையில் ஆடும் படகின் ஏணி சம்மட்டி போன்றது; அதன்கீழ் நில்லாமல், தாழ்ந்து வரும் பொழுது பற்றி விரைந்தேறல் வேண்டும்.

இறுதியாக வலியறிதல். அன்று யாம் அறுவர் படகிற் சென்றோம். வழியிற் காற்று வலுத்தது. தோழரொருவர் தலைசுற்றிக் குமட்டலுற்று, “இன்று யான் இறங்கேன்” என்றார். யாம் நகைத்தோம். மூழ்குவோரிடையே ஒரு மரபுண்டு: எவரும், எப்பொழுதும், எக்காரணம் பற்றியும், காரணமின்றியுங்கூட, “வேண்டா” எனலாம், அவரை ஏன் என வினவுதல் கூடாது. அம்மரபினைக் கற்றிருந்தும் மறந்தோம். மூழ்கி மீண்டு, படகு அருகிலுள்ளதெனக் கருதி ரெகுலேட்டரை எடுத்துவிட்டு ஏணியை அணுகினோம். அலை படகை உயர்த்தி இறக்கியது. ஏணி எம் தோளைத் தாக்கியது. உவர்நீர் தொண்டையை அடைத்தது. கண் இருண்ட அப்பொழுதில் ஒரு கை எம் கச்சையைப் பற்றி மேலே இழுத்தது. நகைக்கப்பட்ட தோழரின் கையே அது. அவர் படகில் இருந்திலரேல் இக்கட்டுரை எழுதப்பட்டிராது.

மாணவத் தோழர்காள்! கடலினுள் இறங்குதற்கு வேண்டிய துணிவு சிறிது. பிறர் நகைக்க, “இன்று வேண்டா” என்று படகிலிருத்தற்கு வேண்டிய துணிவோ பெரிது. கடல் நாளையும் இருக்கும். நாமும் இருத்தல் வேண்டும்.