கல்கத்தா அறிவியல்: இளம் வரலாற்றாசிரியருக்கு ஒரு கடிதம்

ஒரு நகரத்தில் ஆராய்ச்சி வேரூன்ற இடம், ஆள், சம்பளம், இதழ் ஆகிய நான்கும் வேண்டும். கல்கத்தாவில் இவை ஒன்றுசேர அரை நூற்றாண்டு பிடித்தது. உங்கள் கட்டுரையோ இயற்பியலாளர் சி.வி.ராமனை மட்டும் நிறுத்தி, மற்றவர்களை அடிக்குறிப்புக்குத் தள்ளிவிட்டது.

இடம் தந்தவர் மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார். நன்கொடை திரட்டி, 1876-இல் பௌபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். சொற்பொழிவுகள் நடந்தன; ஆனால் பேராசிரியர்களை நிரந்தரமாக அமர்த்தப் பணம் சேரவில்லை. அந்த மனக்குறையோடே 1904-இல் மறைந்தார். 1907-இல் நிதித்துறை அதிகாரியாக வந்த ராமன், டிராமிலிருந்து கழகத்தின் பெயர்ப்பலகையைக் கண்டதைக் கட்டுரை 'தற்செயல்' என்று வியக்கிறது. எரிச்சலூட்டும் சொல் அது. அந்தப் பலகையை 31 ஆண்டு காத்து நின்றவர்கள் இருந்தார்கள்.

ஆள் தந்தவர் பிரபுல்ல சந்திர ராய். 1889-இல் பிரசிடென்சி கல்லூரியில் வேதியியல் கற்பிக்கத் தொடங்கினார். மேகநாத் சாகாவும் சத்தியேந்திரநாத் போஸும் அங்கே அவரிடம் படித்தவர்கள். இப்படிப்பட்டவருக்குக் கட்டுரையில் ஒரே வரி! பிற்காலத்தில் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் அறிவியல் கல்லூரியில் ஓர் அறையிலேயே குடியிருந்து, 60 வயதுக்குப் பின் தம் சம்பளத்தை வேதியியல் துறைக்கே விட்டுக்கொடுத்தார்.

சம்பளத்துக்கு வழி செய்தவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆசுதோஷ் முகர்ஜி. வழக்கறிஞர்கள் தாரக்நாத் பாலித், ராஷ்பிகாரி கோஷ் ஆகியோரின் கொடையைக் கொண்டு 1914-இல் அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். 1917-இல் ராமன் அரசு வேலையை உதறி, குறைந்த சம்பளத்தில் அங்கே பாலித் பேராசிரியர் ஆனார்.

கட்டுரையில் ஒரு பத்தி மட்டும் அபாரம். கழகத்துக்கு வந்த ராமனுக்குக் கதவு திறந்துவிட்ட உதவியாளர் ஆசுதோஷ் தே பற்றியது அது. ராமனின் ஆய்வுக்கட்டுரைகளில் இணையாசிரியராகவே அவர் பெயர் ஏறியது. இதைக் கவனித்து எழுதிய கை தேர்ந்த கை.

கடைசியாக இதழ். 1926-இல் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்' தொடங்கியது. 1928 பிப்ரவரி 28-இல் ராமனும் அவருடன் ஆய்வு செய்த கே.எஸ்.கிருஷ்ணனும் கண்ட புதிய ஒளிச்சிதறல், மார்ச் 31-க்குள் அதில் அச்சேறி, தனிப்படிகளாக உலகெங்கும் சென்றது. வெளிநாட்டு இதழின் தயவுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

1933-இல் ராமன் பெங்களூர் போனார். கழகம், கல்லூரி, இதழ் மூன்றும் இன்றும் கல்கத்தாவில் இயங்குகின்றன.