ஒஃபீலியா: மேடை காட்டாததும் தூரிகை காட்டியதும்



ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் ஓவியர்கள் திரும்பத் திரும்பத் தீட்டிய காட்சி மேடையில் நிகழ்வதே இல்லை. இளவரசன் ஹாம்லெட் காதலித்த ஒஃபீலியா நீரில் மூழ்கிய செய்தியை நான்காம் அங்கத்தின் ஏழாம் காட்சியில் அரசி கெர்ட்ரூட் சொல்லத்தான் அவையோர் அறிகின்றனர்; கொடிய சாவை மேடைக்குப் புறத்தே நிகழ்த்தி, அதை ஒருவர் வந்து எடுத்துரைக்கச் செய்யும் இம்முறை ‘தூதுவர் உரை’ என்ற பெயரில் கிரேக்கத் துன்பியல் நாடகங்களிலேயே வழங்கியதாகும்.

பூமாலையை வில்லோ மரக்கிளையில் மாட்ட ஏறியது, கிளை முறிந்தது, ஆடை விரிந்து சற்றுநேரம் மிதந்தது, அவள் பாடியது, நீர் ஊறிக் கனத்த ஆடை அவளைச் சேற்றுக்குள் இழுத்தது என அரசியின் பேச்சு ஒன்றன்பின் ஒன்றாக நகர்கிறது. ஓவியத்துக்கோ ஒரு கணம்தான் வாய்க்கும். ஆகவே எக்கணத்தை எடுத்துக்கொள்வது என்ற தேர்விலேயே ஓவியரின் விளக்கம் அடங்கிவிடுகிறது. ஆர்தர் ஹியூஸ் 1852இல் காட்டியது விழுவதற்கு முன்பு நீரோரம் அமர்ந்திருக்கும் சிறுமியை. அதே ஆண்டு லண்டன் ராயல் அகாதமியில் வைக்கப்பட்ட ஜான் எவரெட் மில்லேயின் படத்தில் அவள் வாய் சற்றே திறந்தபடி, கைகள் இருபுறமும் விரிந்து, எதிர்ப்பேதுமின்றி மிதக்கிறாள். ரஃபேலுக்கு முந்தைய ஓவியர்களின் நுணுக்கத்தை மீட்க 1848இல் கூடிய பிரீ-ரஃபேலைட் குழுவைச் சேர்ந்த மில்லே, சர்ரேயில் ஹாக்ஸ்மில் ஆற்றங்கரையில் அமர்ந்து இலை இலையாகத் தீட்டினார். எலிசபெத் சிடலோ பின்னர் லண்டனில் தண்ணீர் நிரம்பிய தொட்டியில் படுத்து அவருக்கு மாதிரியாக இருந்தார். படத்திலுள்ள சிவப்புப் பாப்பிப் பூ நாடகத்தில் எங்கும் இல்லை. ஐரோப்பிய மரபில் உறக்கத்தையும் சாவையும் குறிக்கும் அதை ஓவியரே சேர்த்தார்.

இவற்றைவிடக் கூர்மையானது பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவா 1843இல் வெளியிட்ட கல்லச்சுப் படம், அதாவது கல்லின்மேல் வரைந்து தாளில் ஒற்றியெடுத்தது. அதில் ஒஃபீலியா ஒரு கையால் மலர்களை மார்போடு அணைத்திருக்க, மறு கை கிளையை விடாமல் பற்றியிருக்கிறது. ஐந்தாம் அங்கத்தில் வெட்டியான்கள் அவள் வேண்டுமென்றே இறந்தாளா என்று வாதிடுவதையும், சாவில் ஐயமுண்டு என்று பாதிரியார் சடங்கைக் குறைப்பதையும் படித்தபின் அந்தக் கையைப் பார்த்தால், அது வாழ விரும்பிய கை என்றே தோன்றும். மில்லேயின் படத்தில் அவ்வழக்கே எழாது; அழகு அதை மூடிவிடுகிறது.

மூன்று படங்களிலும் இல்லாதவர் பேசுகிற அரசியே. நஞ்சு தோய்த்த வாளாலும் நஞ்சு கலந்த கிண்ணத்தாலும் ஹாம்லெட்டைக் கொல்ல அரசன் கிளாடியஸும் ஒஃபீலியாவின் அண்ணன் லேர்டீஸும் திட்டமிட்டு முடிக்கும் வேளையில் அவர் உள்ளே வருகிறார். அவர் அந்தச் சாவை நேரில் கண்டாரா என்பதை நாடகம் சொல்வதில்லை. பூக்கள் நிறைந்த அந்த மென்மையான வருணனை சதியாலோசனை நடந்த அறையில், தங்கையை இழந்த லேர்டீஸின் செவியில் விழுகிறது என்பதை நாடக நூலைக் கையில் எடுத்தால்தான் நீங்கள் காண முடியும்.