பழி அப்டேட் மேல், பிழை கோப்பில்

"நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, அப்டேட் போட்டதும் படுத்துவிட்டது." விளக்கு, கீசர், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் ஹோம் அசிஸ்டென்ட் என்ற மென்பொருள் ஓடும் சர்வரோடு இணைத்து வைத்திருப்பவர்களிடம் வேரூன்றிய நம்பிக்கை இது. பெரும்பாலும் தவறானது. அந்த மென்பொருள் தன் கான்ஃபிகரேஷன் கோப்பை ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. தொடங்கும்போதோ ரீலோட் கொடுக்கும்போதோதான் படிக்கிறது. போன மாதம் கோப்பில் கைவைத்தபோது நுழைந்த பிழை அதுவரை வெளியே தெரியாது. அப்டேட் போட்டால் ரீஸ்டார்ட் ஆகும், கோப்பு மறுபடி படிக்கப்படும், பழைய பிழைக்குப் புதிய பதிப்பு பழி சுமக்கும்.

புனேயில் இந்தக் குழப்பத்துக்கு நாட்காட்டியும் துணைபோகிறது. புதிய பதிப்பு மாதத்தின் முதல் புதன்கிழமை வெளியாகிறது. பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழிற்பேட்டைகளின் வார விடுமுறையான வியாழன்தான் மின்விநியோக நிறுவனமான மகாவிதரண் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாள். நாமே மெனுவில் ரீஸ்டார்ட் கொடுத்தால் கோப்பு முதலில் சரிபார்க்கப்படும்; பிழை இருந்தால் ரீஸ்டார்ட் மறுக்கப்படும். கரண்ட் போய் வந்தால் அந்தக் காவல் இல்லை. படிக்கவே முடியாத கோப்பு என்றால் சர்வர் மீட்பு நிலையில் போய் நிற்கும். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் ஓடும் சர்வர் என்றால், எழுதும் நேரத்தில் மின்சாரம் போய் எஸ்டி கார்டே கெடவும் கூடும். புதன் இரவு அப்டேட், வியாழன் காலை மின்தடை: குற்றவாளி எது என்று லாக்கைப் பார்க்காமல் சொல்லவே முடியாது.

கோப்பு எழுதப்படும் யாமல் வடிவமும் நம் கண்ணை ஏமாற்றும். வரியின் தொடக்கத்தில் ஸ்பேஸுக்குப் பதில் டேப் விழுந்தால் முழுக் கோப்பும் நிராகரிக்கப்படும். மேற்கோள் குறியில்லாத 'ஆன்', 'ஆஃப்' என்ற ஆங்கிலச் சொற்கள் சொற்களாக அல்லாமல் உண்மை, பொய் என்ற மதிப்புகளாகிவிடும். நேரம் இன்னும் விசித்திரம்: மேற்கோள் இல்லாமல் 18:30:00 என்று எழுதினால் யாமல் 1.1 விதி அதை 60-இன் அடுக்குகளாகக் கணக்கிட்டு 66600 என்ற எண்ணாக்கும். 06:30:00 பூஜ்யத்தில் தொடங்குவதால் தப்பிவிடும். காலை விளக்கு எரியும், மாலை விளக்கு எரியாது.

அப்டேட்டே உடைத்த சந்தர்ப்பங்கள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. எம்கியூடிடி நெறிமுறையில் இயங்கும் சென்சார்களைக் கோப்பில் எழுதும் முறை 2022-இல் மாறியது. பழைய முறையில் எழுதியவர்கள் திருத்தியே ஆகவேண்டியிருந்தது. ஆனால் அது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு, மாதக்கணக்கில் அவகாசம் தரப்பட்ட மாற்றம். ஒவ்வொரு பதிப்பின் குறிப்பிலும் இத்தகைய மாற்றங்களுக்கென்றே தனிப்பகுதி இருக்கிறது. அதைப் படிக்காமல், அப்டேட்டே வேண்டாம் என்று ஒதுங்கினால் பாதுகாப்புத் திருத்தங்களும் வராது, பல மாத மாற்றங்கள் ஒரே நாளில் வந்து இறங்கும்.

"அழித்துவிட்டு மறுபடி நிறுவு" என்ற வைத்தியம் அதைவிட வீண். பேக்கப்பிலிருந்து மீட்டால் பிழையுள்ள அதே கோப்புதான் திரும்பி வரும். அப்டேட்டுக்கு முன்பே கான்ஃபிகரேஷனைச் சரிபார்த்து, பழைய பதிப்பிலேயே ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டால் பழைய பிழை எது, புதியது எது என்று பிரிந்துவிடும். அது நன்றாக எழுந்தபின் பேக்கப்பை வேறொரு கணினியில் வைத்துக்கொண்டு, புனேவாசிகள் வெள்ளிக்கிழமை அப்டேட் போடலாம்.