புயல் ஊருக்குக் கிளவுட் சரிப்படுமா?

கேள்வி: பெரிய நிறுவனங்கள் சொந்த சர்வரை விட்டுவிட்டு கிளவுடுக்கு மாறுகின்றன. புயலடித்தால் நெட்டே போய்விடும் கடலூருக்கு இது ஒத்துவருமா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: புயலைக் காரணம் காட்டித்தான் நான் மாறச் சொல்வேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது இங்கே மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. அப்படிப்பட்ட நாளில் அலுவலக சர்வரின் ஆயுள், ஜெனரேட்டரில் டீசல் இருக்கும்வரைதான். தரவு கிளவுடில், அதாவது மும்பையிலோ ஐதராபாத்திலோ உள்ள தரவு மையத்தில் இருந்தால், கடலூர்க் கிளை முடங்கினாலும் திருச்சிக் கிளை அதே கணக்கைத் திறந்து வேலை பார்க்கும்.

அடுத்தவர் இடத்தில் பொருளை வைக்கலாமா என்பார்கள். நியாயமான பயம்தான். 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, வேறிடத்தில் நகல் வைக்காத பலர் தரவை அடியோடு இழந்தார்கள். 2025 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் சேவையை நிறுத்தியதால் எண்ணெய் நிறுவனமான நயாரா எனர்ஜி டெல்லி உயர் நீதிமன்றம் போக நேர்ந்தது; சேவை பிறகு திரும்பியது. சொந்தக் கட்டடம் மட்டும் என்ன வாழ்ந்தது? அதே ஆண்டு செப்டம்பரில் தென்கொரிய அரசின் சொந்த தரவு மையத்திலேயே தீப்பிடித்து, நகலில்லாத 858 டெராபைட் கோப்புகள் போயின. எனவே இன்னொரு ஊரில், இன்னொரு நிறுவனத்திடம் ஒரு நகல் வேண்டும். அதிலிருந்து மீட்க முடிகிறதா என்று ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே சோதித்துப் பார்க்கவும் வேண்டும்.